முதுமையடையும் செய்தித்தாள்
ஓராண்டுக் கலைத்திட்டம் ஒன்றை வகுப்பது எப்படி?

காலையில் வாசலில் வந்து விழும் செய்தித்தாள் மாலைக்குள் பழைய தாளாகிவிடுகிறது. செய்தி பழையதாக ஒரு பகல் போதும். ஆனால் தாள் பழையதாக எவ்வளவு காலம் ஆகும்? இதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. மாதக் கடைசியில் கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

போகிக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும்போது, சமையலறைத் தட்டுகளில் விரித்து வைத்த தாளை எடுத்துப் பாருங்கள். திறந்து கிடந்த ஓரங்கள் பழுப்பேறி இருக்கும். டப்பாக்கள் அமர்ந்திருந்த இடங்களில் மட்டும் வெளிறிய வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்து, எந்த டப்பா எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். யாரும் வரையாத இந்தப் படத்தை வெளிச்சமும் காற்றும் சேர்ந்து வரைந்திருக்கின்றன.

தற்செயலாக உண்டாகும் இத்தகைய படத்தை நாமே திட்டமிட்டு உண்டாக்க முடியுமா? அன்றாடப் பொருள் ஒன்று சிதைந்து வருவதை ஓராண்டுக் காலம் பதிவு செய்து, பள்ளிக் கண்காட்சியில் வைக்கத்தக்க கலைப்படைப்பாக ஆக்க முடியுமா? முடியும். செலவும் அதிகமில்லை. ஒரே நாளில் வந்த ஒரே செய்தித்தாளின் நான்கு பிரதிகள், கொஞ்சம் கெட்டி அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம், நிறையப் பொறுமை ஆகியவை போதும். அதை எவ்வாறு வகுப்பது, எங்கெங்கே கவனம் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஏன் செய்தித்தாள்?

சிதைவு என்றதும் அழுகும் வாழைப்பழமும் துருப்பிடிக்கும் ஆணியும்தான் நினைவுக்கு வரும். பழம் பத்து நாளில் கதையை முடித்துவிடும். ஈயும் நாற்றமும் மிஞ்சும். ஆணி மெல்ல மாறும். ஆனால் அது காட்டும் நிறங்கள் சில மட்டுமே. செய்தித்தாள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நல்ல வெயிலில் சில நாட்களிலேயே நிறம் மாறத் தொடங்கும். அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் தொடரும். நிறம், மணம், வலிமை, வடிவம் ஆகிய நான்கும் தனித்தனியே மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் பிறந்த தேதியை நெற்றியில் அச்சிட்டுக்கொண்டு வரும் பொருள் இது.

அந்தத் தேதியின் பயனை அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே நன்கு பயன்படுத்திக்கொண்டார். 1973ஆம் ஆண்டில் குப்பைகளை ஆராயும் திட்டமொன்றைத் தொடங்கிய அவர், பின்னர் 1980களின் இறுதியில் நகரக் குப்பை மேடுகளைத் துளையிட்டுத் தோண்டினார். பல ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட செய்தித்தாள்கள் படிக்கத்தக்க நிலையிலேயே வெளிவந்தன! அவற்றிலிருந்த தேதிகளைக் கொண்டே குப்பை அடுக்குகளின் வயது கணக்கிடப்பட்டது. மண்ணில் புதைத்தால் காகிதம் மக்கிவிடும் என்று நம்பியவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. இறுக அமுக்கிய குப்பையில் காற்றும் ஈரமும் போதிய அளவு இல்லாததால் நுண்ணுயிர்களால் வேகமாகச் செயல்பட முடியவில்லை. ஆக, சிதைவு என்பது காலம் மட்டும் செய்யும் வேலையன்று. சூழலும் சேர்ந்து செய்வது. நம் திட்டத்தின் அடிப்படை இதுவே.

கலைஞர்கள் செய்த சோதனைகள்

காகிதத்தின் சிதைவைக் கலையாக்கிய முன்னோடிகள் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1919ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவில் இருந்தார். பாரிஸில் இருந்த தம் தங்கை சுசானின் திருமணத்துக்கு அவர் அனுப்பிய பரிசு ஒரு கடிதம்தான். வடிவகணிதப் பாடநூல் ஒன்றை வீட்டு மாடி முகப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுமாறு அதில் எழுதியிருந்தார். காற்று பக்கங்களைப் புரட்டும், தனக்குப் பிடித்த கணக்கைத் தானே தேர்ந்தெடுக்கும், மழை பக்கங்களைக் கிழிக்கும் என்பது அவர் எண்ணம். தங்கையும் அப்படியே செய்தார். அந்த நூல் இன்று இல்லை. அதன் புகைப்படமும், அதைப் பார்த்துச் சுசான் வரைந்த ஓவியமும் மட்டுமே நிலைத்திருக்கின்றன. சிதையும் பொருளைக் கொண்டு செய்யும் கலையில் பதிவுதான் இறுதியில் கையில் மிஞ்சும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பிக்காசோவும் பிராக்கும் 1912ஆம் ஆண்டு முதல் செய்தித்தாள் துண்டுகள் போன்ற காகிதங்களை ஓவியத்தில் ஒட்டிப் படைப்புகள் செய்தனர். ஒட்டிய அன்று வெளிர் சாம்பலாக இருந்த செய்தித்தாள் இன்று பழுப்பாகிவிட்டது. நாம் அருங்காட்சியகத்தில் காணும் நிறச் சேர்க்கை அவர்கள் அமைத்ததன்று. அதில் ஒரு பங்கைக் காகிதமே பின்னால் செய்து முடித்திருக்கிறது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

காகிதத்தின் உடல் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. பல நூறு, பல ஆயிரம் குளூக்கோஸ் அலகுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்ட நீண்ட மூலக்கூறு இது. தூய செல்லுலோஸ் வெண்மையானது. எளிதில் நிறம் மாறாது. பருத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் மரத்தில் செல்லுலோஸ் தனித்து இருப்பதில்லை. அதன் இழைகளைச் சுண்ணாம்புக் காரைபோல் பிணைத்து நிற்பது லிக்னின் என்ற பொருள். மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காடு வரை இது இருக்கும். மரம் நிமிர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். தாள் மஞ்சளாவதற்கும் இதுவே காரணம்.

மரத்திலிருந்து கூழ் எடுக்க இரு வழிகள் உண்டு. வேதிப்பொருள்களோடு வேகவைத்து லிக்னினைக் கரைத்து நீக்குவது ஒன்று. அப்படிச் செய்தால் மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதிதான் கூழாகக் கிடைக்கும். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்குவது மற்றொன்று. 1844ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிரீட்ரிக் கெல்லர் இம்முறையைக் கண்டார். இதில் மரத்தின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கூழாகிவிடும். லிக்னினும் கூடவே தங்கிவிடும். செய்தித்தாள் மலிவாகக் கிடைப்பதன் இரகசியமும், அது விரைவில் முதுமையடைவதன் இரகசியமும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. கந்தைத் துணியிலிருந்து செய்த முந்நூறு ஆண்டுப் பழமையான காகிதம் இன்றும் வெண்மையாக இருக்க, நூறாண்டுகூட ஆகாத மரக்கூழ்த் தாள் பழுப்பேறி நொறுங்குவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் கரூருக்கு அருகே புகளூரில் 1984ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய அரசுக் காகித ஆலை, கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு செய்தித்தாள் காகிதம் செய்து காட்டியது. கரும்புச் சக்கையிலும் லிக்னின் உண்டு. எந்தச் செடியாயினும் தண்டு நிமிர்ந்து நிற்க ஒரு காரை வேண்டுமல்லவா?

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களை லிக்னின் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆற்றலால் அதன் பிணைப்புகள் சில உடைகின்றன. உடைந்த பகுதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து புதிய சேர்மங்களாகின்றன. இவை வெள்ளொளியில் உள்ள நீலப் பகுதியை விழுங்கும் இயல்புடையவை. நீலம் போனபின் நம் கண்ணுக்கு எஞ்சி வருவது மஞ்சள். ஆகவே தாள்மேல் மஞ்சள் நிறம் ஏதும் வந்து படியவில்லை. திரும்பி வரவேண்டிய நீலம்தான் குறைந்துவிட்டது.

நிறத்தோடு மாற்றம் நிற்பதில்லை. இவ்வினைகளில் அமிலங்களும் உண்டாகின்றன. அமிலமும் ஈரமும் சேர்ந்து செல்லுலோஸ் மாலையை இடையிடையே அறுத்துவிடுகின்றன. மாலை குட்டையாகக் குட்டையாகத் தாள் வலுவிழந்து, மடித்தால் முறியும். வெப்பம் இவ்வினையை விரைவுபடுத்தும். பழைய தாள்களுக்கு உரிய அந்த இனிய மணமும் இச்சிதைவின் விளைவே. லிக்னின் சிதையும்போது வெளிவரும் பொருள்களில் வெனிலின் ஒன்று. ஐஸ்கிரீமுக்கு மணம் தருகிறதே, அதே பொருள்!

அச்சு மையைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு மையின் நிறம் கரித்தூளால் வருவது. கரி எளிதில் மாறாது. தாள் பொடியானாலும் எழுத்து கறுப்பாகவே இருக்கும். வண்ண மைகள் அப்படியல்ல. மஞ்சளும் செம்மையும் வெயிலில் முதலில் வெளிறும். நீலம் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கடை வாசலில் பல மாதம் வெயில்பட்ட விளம்பரப் படங்களில் மனித முகங்கள் நீலம் பூத்துத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான். எனவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் வண்ணப் படம் ஒன்றும், அச்சிடாத வெற்றிடம் ஓரளவும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரதி: சாட்சி

திட்டத்துக்கு வருவோம். நான்கு பிரதிகளிலும் ஒரே பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரதியை எதுவும் செய்யப்போவதில்லை. அதுதான் மிக முக்கியமானது. அதைக் கறுப்புத் தாளில் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டு, வீட்டில் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். இதைச் சாட்சித் தாள் என்போம். ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டு மாதிரி என்று சொல்வது இதைத்தான்.

இது ஏன் வேண்டும்? நாள்தோறும் பார்க்கும் பொருளில் உண்டாகும் மாற்றம் நம் கண்ணுக்குப் படாது. வளர்ந்துவரும் தம்பியின் உயரம் உடனிருக்கும் நமக்குத் தெரிவதில்லை. கோடை விடுமுறைக்கு வரும் மாமா உடனே சொல்லிவிடுகிறார். மாற்றத்தைக் காண மாறாத ஒன்று வேண்டும். எவ்வளவு அழகாகச் சிதைந்தாலும், பக்கத்தில் சாட்சி இல்லாத தாள் வெறும் பழைய தாள்தான். சாட்சியோடு வைத்தால்தான் அது ஓராண்டின் வரலாறு. ஒன்றை நினைவில் வையுங்கள்: சாட்சியும் முற்றிலும் மாறாமல் இருக்காது. இருளிலும் மெல்ல முதுமையடையும். ஆனால் மற்றவற்றைவிட மிகக் குறைவாக.

இரண்டாம் பிரதி: வெயில் ஏணி

இரண்டாம் பிரதியில் 36 செ.மீ. நீளமுள்ள ஒரு பட்டையை வெட்டி, அட்டைமேல் நான்கு மூலைகளில் ஊசியால் குத்துங்கள். ஓரத்தில் 3 செ.மீ.க்கு ஒரு கோடாகப் பன்னிரண்டு படிகளைக் குறியுங்கள். ஒளி புகாத கெட்டி அட்டையால் அதை மூடுங்கள். முதல் மாதம் முதல் தேதியில் மூடியை 3 செ.மீ. இழுத்து ஒரு படியைத் திறவுங்கள். அடுத்த மாதம் இன்னொரு படி. இப்படியே போனால் ஆண்டு முடிவில் முதல் படி பன்னிரண்டு மாத வெயிலையும், கடைசிப் படி ஒரு மாத வெயிலையும் பெற்றிருக்கும். வெளிர் நிறத்திலிருந்து ஆழ்ந்த பழுப்பு வரை படிப்படியாக இறங்கும் ஓர் ஏணி கிடைக்கும். தூரிகை தொடாத இந்த ஓவியமே உங்கள் படைப்பின் நடுநாயகம்.

இடத் தேர்வில் கவனம் வேண்டும். மழை படக்கூடாது, வெயில் ஆண்டு முழுவதும் வர வேண்டும். தெற்குச் சன்னல் நல்லது என்று தோன்றும். ஆனால் நம் நாட்டில் அது பொருந்தாது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் நண்பகலில் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். தெற்குச் சன்னலில் நேர் வெயில் விழாது. கிழக்கு அல்லது மேற்குச் சன்னலில் எல்லா மாதங்களிலும் காலை வெயிலோ மாலை வெயிலோ வரும். கண்ணாடிச் சன்னலாயினும் பாதகமில்லை. கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. வேகம் குறையும், அவ்வளவே.

மூன்றாம் பிரதி: மாதத் துண்டுகள்

ஏணி முடிந்ததும் ஓர் ஐயம் எழும். அடுத்தடுத்த படிகளுக்கிடையே உள்ள நிற வேறுபாடு ஒரே அளவாக இராது. ஏன்? ஏப்ரல் மாத வெயிலும் நவம்பர் மாத மேகமூட்டமும் ஒன்றல்ல என்பது ஒரு காரணமாகலாம். தாள் முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மஞ்சளாகும் என்பது மற்றொரு காரணமாகலாம். ஏணி இவ்விரண்டையும் கலந்தே காட்டுகிறது. அதை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

இதற்காகத்தான் மூன்றாம் பிரதி. அதைப் பன்னிரண்டு துண்டுகளாக்கிச் சாட்சித் தாளோடு இருளில் வையுங்கள். மாதம் ஒரு துண்டை எடுத்து, ஏணிக்குப் பக்கத்தில் அந்த ஒரு மாதம் மட்டும் வெயிலில் வைத்து, மீண்டும் இருளுக்கே அனுப்பிவிடுங்கள். ஆண்டு முடிவில் பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கினால் அவை ஒவ்வொரு மாதத்தின் வெயிலையும் தனித்தனியே காட்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் துண்டின் நிறத்திலேயே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். மாதத் துண்டுகளை ஏணியோடு ஒப்பிட்டால், வெயிலின் பங்கு எது, தாளின் இயல்பு எது என்பது புலப்படும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாறவிட்டு மற்றவற்றை நிறுத்திவைப்பது அறிவியலின் வழி. உங்கள் கண்காட்சிக்கு வருபவருக்கு இது ஓர் அழகிய நாட்காட்டியாகவும் தெரியும்.

நான்காம் பிரதி: மண், நீர், மடிப்பு

நான்காம் பிரதியில் பத்து செ.மீ. சதுரங்கள் ஆறு வெட்டி, தோட்ட மண் நிரப்பிய பூந்தொட்டியில் வெவ்வேறு இடங்களில் புதையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், நீர் தேங்கக்கூடாது. ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு நைலான் நூல் கட்டுங்கள். பருத்தி நூல் வேண்டாம். அதுவும் செல்லுலோஸ்தான், தாளோடு சேர்ந்து மக்கிவிடும்! வாரத்துக்கு ஒரு சதுரத்தை எடுத்து உலர்த்துங்கள். ஒரே சதுரத்தை எடுத்துப் பார்த்து மீண்டும் புதைப்பது தவறு. பார்ப்பதற்காகத் தோண்டுவதே அதைக் கிழித்துவிடும். மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செல்லுலேஸ் என்னும் நொதியைச் சுரந்து செல்லுலோஸை அறுத்து உண்கின்றன. வெயில் தாளின் நிறத்தை மாற்றியது. மண்ணோ வடிவத்தையே தின்றுவிடும். ஓரங்களில் தோன்றும் துளைகளும் சல்லடை போன்ற இழைகளும் வரைந்தெடுக்கத் தக்கவை.

இன்னொரு துண்டை நனைத்து உலர்த்தி, மறுபடி நனைத்து உலர்த்திப் பாருங்கள். இழைகள் நீரில் பருத்துக் காயும்போது சுருங்குவதால் தாள் நெளிந்துவிடும். ஈரம் விளிம்பில் அழுக்கைச் சேர்த்து ஒரு பழுப்புக் கோடு வரைந்துவிட்டுப் போகும்.

மிஞ்சியதை இரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். ஆலையில் கூழ் ஓடும் திசையில் இழைகள் படுத்திருப்பதால் தாளுக்கு இரு திசைகளில் இரு வலிமை. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஓரளவு நேராகவும், குறுக்கே கிழித்தால் கோணலாகவும் போவது இதனால்தான். பட்டைகளில் பாதியை இருளிலும் பாதியை வெயிலிலும் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஐந்து பட்டைகளை எடுத்து, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் அறுகிறது என்று எண்ணிச் சராசரி காணுங்கள். பழைய நூல்களின் நிலையை அறிய நூலகங்களில் கையாளப்பட்ட எளிய சோதனை இது. கண்ணுக்குத் தெரியாத செல்லுலோஸ் மாலை அறுபடுவதை விரல்களால் எண்ணிவிடலாம்.

பூஞ்சை படர்ந்த துண்டுகளை முகர்ந்து பார்க்க வேண்டாம். கண்ணாடிப் பையில் இட்டு மூடிவிடுங்கள். மண்ணைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

பதிவு செய்யும் முறை

பொருள் சிதையும், பதிவு நிற்கும். ஆகவே பதிவில் பிழை நேரக்கூடாது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே உயரத்திலிருந்து, ஒரே நேரத்தில் படமெடுங்கள். நேர் வெயிலைவிட நிழலான பகல் வெளிச்சம் நல்லது. கேமரா நிற்கும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள்.

கைப்பேசியில் படமெடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கேமராக்கள் வெண்மையைத் தாமே சரிசெய்துகொள்ளும் வகையில் அமைக்கப்பட்டவை. மஞ்சளான தாளைக் கண்டால், விளக்கொளியால் அப்படித் தெரிகிறது என்று கருதி மஞ்சளை நீக்கி வெண்மையாக்கிக் காட்டிவிடக்கூடும். ஓராண்டு உழைத்து எடுத்த படங்களில் மாற்றமே தெரியாமல் போகலாம்! இதற்கு மாற்று எளிது. ஒவ்வொரு படத்திலும் தாளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். பீங்கான் மெருகு ஓராண்டில் நிறம் மாறாது. வெள்ளைத் துணியோ தாளோ இதற்கு உதவாது, அவையே மாறிவிடும். ஓர் அளவுகோலும், தேதி எழுதிய சீட்டும், சாட்சித் தாளும் அதே படத்தில் இருக்கட்டும். சாட்சியை வெளியே எடுக்கும் நேரம் சில நிமிடங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் வராதவற்றை நோட்டில் எழுதுங்கள். தொட்டால் எப்படி இருக்கிறது? அசைத்தால் ஓசை எப்படி மாறியிருக்கிறது? மணம் என்ன? புதிய தாள் சலசலக்கும் ஓசையும் பழைய தாளின் ஓசையும் ஒன்றல்ல.

கண்காட்சியில் ஒரு முடிவு

ஆண்டு முடிந்ததும் ஏணியை நடுவிலும், மாதத் துண்டுகளை அதன் கீழ் வரிசையிலும், மண்ணில் கிடந்த சதுரங்களை ஒரு பக்கத்திலும், சாட்சியை மறு பக்கத்திலும் வைக்கலாம். விளக்கம் சில வரிகளில் இருந்தால் போதும்.

இப்போது ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காட்சிக்கு வைத்த தாள் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதா, விட்டுவிடுவதா? அருங்காட்சியகங்களில் காகிதப் படைப்புகளுக்கு வழக்கமாக 50 லக்ஸ் அளவு வெளிச்சமே அனுமதிக்கிறார்கள். நண்பகல் நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஒரு மணி நேர வெயில் தரும் வெளிச்சம், அருங்காட்சியக வெளிச்சத்தில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தால் 250 நாட்கள்! இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் கணக்கு மட்டுமே. புற ஊதாக் கதிரையும் சேர்த்தால் வெயிலின் தாக்கம் இன்னும் கூடும். ஆகவே நிறுத்த விரும்பினால் மங்கலான அறையும் இருளான பெட்டியும் வேண்டும்.

விட்டுவிடவும் ஒரு நியாயம் உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனார்ட், நண்பர் ஒருவரின் மறைவுக்குப் பின், உண்ட பழங்களின் தோல்களை ஊசிநூலால் மீண்டும் தைத்து ஒரு படைப்பு செய்தார். 1992 முதல் 1997 வரை செய்த அப்படைப்பு பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தோல்களைக் கெடாமல் காக்கும் வழியை ஒரு பாதுகாப்பு வல்லுநர் ஆராய்ந்தார். ஆனால் காக்க வேண்டாம் என்று லெனார்ட் முடிவு செய்தார். மெல்ல மறைவதே அப்படைப்பின் பொருள் என்பது அவர் கருத்து. உங்கள் ஏணிக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முடிவையும் காரணத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நம் வீட்டுத் தாள்கள்

இதுவரை பேசியது நாமே விரும்பிச் சிதையவிட்ட தாளைப் பற்றி. விரும்பாமலே சிதைந்துகொண்டிருக்கும் தாள்கள் எத்தனையோ. தமிழில் அச்சான பழைய இதழ்களும் மலிவுப் பதிப்புகளும் பெரும்பாலும் இதே மரக்கூழ்த் தாளில் வந்தவை. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய பல்லாயிரக்கணக்கான நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகளைக் கொண்டு 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அங்கே அவற்றை நுண்படச் சுருளில் பதிவு செய்தார்கள். தாள் நொறுங்கினாலும் எழுத்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம். தனி ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பதிவுக்கு இடமிருந்தது.

உங்கள் வீட்டிலும் பாட்டனார் காலத்து நிலப் பத்திரமோ, கடிதங்களோ, பிறப்புச் சான்றிதழோ இருக்கும். அவற்றைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். சோதனையில் கற்றதை அவற்றுக்குப் பயன்படுத்துங்கள். வெளிச்சம் படாமல், ஈரமில்லாத இடத்தில், கூடியவரை மடிக்காமல் வையுங்கள். ஈரம் மிகுந்தால் பூஞ்சை வரும். இராமபாணப் பூச்சியும் கரையானும் வரும். செய்தித்தாள் துண்டுகளை நல்ல தாளோடு சேர்த்து வைக்காதீர்கள். பழைய புத்தகத்துக்குள் பல ஆண்டு கிடந்த துண்டுச் செய்தியை எடுத்தால், அது கிடந்த பக்கத்தில் அதே அளவில் ஒரு பழுப்பு நிழல் தெரியும். அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும் என்பதற்கு அதுவே சான்று. சூடேற்றி ஒட்டும் பிளாஸ்டிக் உறையைப் பழைய ஆவணங்களுக்குப் போடாதீர்கள். பின்னால் அதைப் பிரிக்க முடியாது. தாளின் உள்ளே இருக்கும் அமிலத்தை அது போக்குவதும் இல்லை. இன்றே ஒரு படமெடுத்து வையுங்கள்; அதுவும் ஒரு சாட்சிதான்.

நாளைக் காலை கடைக்குப் போனால் ஒன்றுக்கு நான்காகச் செய்தித்தாள் வாங்குங்கள். மூன்றை வெயிலுக்கும் மண்ணுக்கும் ஒதுக்குமுன், ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் கலைத்திட்டம் அந்தக் கணத்திலேயே தொடங்கிவிட்டது.